இருப்புக்கொள்ளாத உஸ்தாத்

மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையின் பெரிய கேட்டருகே வாட்ச்மேன் உட்கார ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். தெய்வசிகாமணி அங்கே வேலை பார்த்த காலம் முழுக்க அதில் உட்கார்ந்தவை காக்காய்கள்தான். மனுஷன் கேட்டுக்கு அந்தப் பக்கம் போவார், இந்தப் பக்கம் வருவார். கரும்பு வண்டிக்காரனை நிறுத்தி, மாட்டுக்கு ஏன் லாடம் தேய்ந்திருக்கிறது என்பார். டிராக்டர்காரனைக் கீழே இறக்கி டயரை உதைத்துப் பார்க்கச் சொல்வார். ஒருத்தரும் வராவிட்டால் கேட்டையே ஒருதரம் சாத்தித் திறப்பார். "ஒரு எடத்துல குந்துங்களேன் உஸ்தாத்" என்றால், "குந்தினா முட்டி இறுகிக்கும்" என்பார். முட்டி சும்மா ஒரு சாக்கு. இருப்புக்கொள்ளாத மனுஷனுக்கு முட்டி என்ன, முழங்கை என்ன.

நான் அதே ஆலையில் கரும்புப் பிரிவு குமாஸ்தா. பேர் ஆதிமூலம். உஸ்தாத் வந்த வருஷமே ஆலைக்கு ஒரு கால்பந்து டீம் சேர்த்தார். என்னைக் கோல்கீப்பர் ஆக்கினார். ஓடத் தெரியாதவனை நிறுத்தி வைக்கிற இடம் அதுதான் என்று கணக்குப் போட்டார். எனக்கு நிற்கவும் தெரியாது என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. இங்கே எழுதுவதில் பாதி நான் கண்ணால் பார்த்தது. மீதி அவர் கேட்டில் நடந்துகொண்டே சொன்னது, நான் கூடவே நடந்து கேட்டது.

அவருக்குச் சொந்த ஊர் தியாகதுருகம். கோட்டை மலை அடிவாரத்தில் குத்தகை நிலம் உழுத அப்பாவுக்கு மூத்த பிள்ளை. சுதந்திரம் வந்து இரண்டொரு வருஷத்தில், கடலூரில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மூன்று வேளையும் சோறு என்றதும் கிளம்பிப் போனவர். பெங்களூரில் பயிற்சி. பாலம் போடுவது, ரோடு போடுவது, கண்ணிவெடி புதைப்பது, புதைத்ததை எடுப்பது, இதுதான் அவர் சேர்ந்த பட்டாளத்தின் வேலை. சாயங்காலம் ஆனால் கால்பந்து. பள்ளிக்கூட மைதானத்தில் வெறுங்காலோடு உதைத்துப் பழகியவரை அங்கேயும் வெறுங்காலோடு ஆட விட்டார்கள். சில வருஷம் கழித்து, பூட்ஸ் போடாமல் ஆடக்கூடாது என்று உத்தரவு வந்தது. "காலுக்கு ஒரு கலப்பையைக் கட்டி ஓட சொன்ன மாதிரி இருந்துது" என்பார். அந்தக் கலப்பையோடு ஓடித்தான் ஒரு மேட்ச்சில் முட்டி திருகிக்கொண்டது. ஆட்டம் முடிந்தது. ஆடத் தெரிந்தவனை அனுப்ப மனசில்லாமல், ஆடச் சொல்லிக்கொடு என்று வைத்துக்கொண்டார்கள். பட்டாளத்தில் எதைச் சொல்லிக்கொடுப்பவரும் உஸ்தாத்தான். சமையல் சொல்லிக்கொடுப்பவரும் உஸ்தாத், பந்து சொல்லிக்கொடுப்பவரும் உஸ்தாத். ஊருக்குத் திரும்பியும் அந்தப் பேர் அவரை விடவில்லை.

அறுபத்திரண்டில் சண்டை வந்தது. லீவில் வந்தவரிடம் அப்பா கேட்டார்: "நாடே சண்டையில கெடக்குது. உனுக்கு அங்க இன்னாடா வேலை?"

"பந்து வெளையாட சொல்லிக் கொடுக்கறேம்பா."

அப்பா தெருப்பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்தார். பிறகு, "இதை வெளில சொல்லாத" என்றார். மறுநாள் கடைத்தெருவில் யாரோ விசாரித்தபோது, மகன் பீரங்கி ஓட்டுகிறான் என்று அப்பாவே சொல்லிவிட்டார். தியாகதுருகத்தில் வயசானவர்களைக் கேட்டுப் பாருங்கள், தெய்வசிகாமணி பீரங்கி ஓட்டியவர் என்றுதான் இன்றும் சொல்வார்கள்.

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. சண்டை நேரத்தில் பந்து உஸ்தாதுக்கு என்ன வேலை? கேட்டேன். சாதாரண நாளைவிட அப்போதுதான் வேலை ஜாஸ்தி என்றார். சண்டை வந்தால் லாரி லாரியாகப் பையன்கள் வந்து இறங்குவார்கள். சேலத்தான், கர்நூல்காரன், பாலக்காட்டான். ஒருவன் பேச்சு ஒருவனுக்குப் புரியாது. பயிற்சிக் காலத்தையும் பாதியாக வெட்டிவிடுவார்கள். ஆற்றில் பாலம் போடும்போது அக்கரையில் கயிற்றைப் பிடித்திருப்பவன் விடமாட்டான் என்று இக்கரையில் இருப்பவன் நம்பவேண்டும். "அதை வாயால சொல்லி நம்ப வைக்க முடியாது ஆதிமூலம். அவனுக்குப் பந்தைக் குடுத்து, அவன் திருப்பிக் குடுத்தா, அப்ப நம்புவான்" என்றார். ஒவ்வொரு கூட்டமும் பந்தைக் கொடுத்து வாங்கப் பழகியதும் ரயிலேற்றிவிடுவார்கள். இவர் பிளாட்பாரத்தில் நிற்பார். திரும்பி வந்தால் மைதானத்தில் புதுக் கூட்டம். தன்னையும் அனுப்பச் சொல்லி ஒவ்வொரு சண்டையிலும் கேட்டிருக்கிறார். முட்டியைக் காட்டி மறுத்துவிட்டார்கள். ஒரு இடத்தில் உட்கார முடியாத வியாதி அங்கேதான் பிடித்தது என்று அவர் மனைவி குஞ்சம்மாள் சொல்வார். எனக்கும் அது சரியென்றே தோன்றுகிறது.

பெங்களூரில் அவருக்கு இரண்டு பழக்கங்கள் இருந்தன. ஒன்று நல்லது. காலைப் பார்த்துக்கொண்டு ஓடுபவனை அவருக்குப் பிடிக்காது. "பந்து உன் காலுகிட்டதான் இருக்கு, எங்கியும் ஓடிடாது. தலையைத் தூக்கு. யாரு எங்க நிக்கிறான்னு பாரு" என்று கத்திக்கொண்டே இருப்பார். தலையைத் தூக்காதவனின் தாடையைக் கையாலேயே தூக்கி விடுவார்.

இன்னொன்று கெட்டது. யாராவது சோம்பேறித்தனமாக ஆடினால், தனக்காக மட்டும் ஆடினால், அவனைத் திட்டமாட்டார். அடிக்கமாட்டார். அன்றோடு அவனுக்கு முகம் கொடுக்கமாட்டார். பதினோரு பேரைக் கூப்பிடும்போது அவன் பேர் வராது. எதிரே வந்து சல்யூட் அடித்தால் தூணைக் கடப்பதுபோலக் கடந்து போவார். தண்ணீர் வாளியைக் கொண்டுவந்து வைத்தாலும் வாளிதான் தெரியும், ஆள் தெரியாது. அவன் மைதானத்துக் கோட்டுக்கு வெளியே தினமும் வந்து நிற்கவேண்டும். என்றைக்காவது ஒருநாள், ஒன்றுமே நடக்காததுபோல, "ஏய், பூட்ஸை மாட்டு" என்பார். அவ்வளவுதான், திரும்ப டீமில் சேர்த்தாயிற்று. ஏன் தள்ளினார், ஏன் சேர்த்தார் என்று விளக்கமே கிடையாது. "உஸ்தாத் மூஞ்சி திருப்பிட்டாரு" என்றால் பெங்களூரில் அது ஜெயிலைவிடப் பெரிய தண்டனையாம்.

எனக்கும் அது கிடைத்திருக்கிறது. உளுந்தூர்ப்பேட்டை டீமோடு ஆடியபோது என் காலுக்கு நடுவில் புகுந்து ஒரு கோல் போயிற்று. நான் சிரித்துவிட்டேன். கோல் போனதற்கில்லை, சிரித்ததற்கு மூஞ்சியைத் திருப்பிவிட்டார். ஆலைக்குள் போக அவர் கேட்டைத் தாண்டித்தானே ஆகவேண்டும். தினமும் காலையில் "வணக்கம் உஸ்தாத்" என்பேன். என் சைக்கிளைப் பார்ப்பார், டிபன் கேரியரைப் பார்ப்பார், என்னைப் பார்க்கமாட்டார். போய்யா நீயும் உன் பந்தும் என்று முதல் நாள் நினைத்தேன். ஒரு வாரத்தில் சோறு இறங்கவில்லை. சம்பளம் வாங்கும் குமாஸ்தா நான், வாட்ச்மேன் பேசவில்லை என்று ராத்திரி புரண்டு படுத்தேன் என்றால் வெட்கக்கேடுதான். ஆனாலும் அப்படித்தான் இருந்தது. அவர் மதிக்கிற ஆளாக இருப்பது அவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது. திரும்பக் கூப்பிட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இனி சின்னக்கண்ணு கதைக்கு வருகிறேன். அதற்காகத்தான் இவ்வளவும்.

சின்னக்கண்ணு கல்வராயன் மலைக்காரர். வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். எழுபது வாக்கில் பட்டாளத்தில் சேர்ந்தார். மலைச்சரிவில் ஓடி வளர்ந்த கால். சமதரையில் விட்டதும் வலது ஓரத்தில் ஒருவனும் பிடிக்க முடியவில்லை. தன் ஜில்லாக்காரன் என்று தெரிந்ததும் உஸ்தாதுக்கு உள்ளே சந்தோஷம், வெளியே இரண்டு மடங்கு கெடுபிடி. "நம்ம ஊருக்காரன்னு எளக்காரம் குடுத்தா மத்தவன் இன்னா நெனப்பான்?" சின்னக்கண்ணு கீழே பார்த்தே பழகியவர். மலையில் கல்லும் முள்ளும் பார்த்து நடக்காவிட்டால் நடக்கவே முடியாது. அவர் தாடையை உஸ்தாத் தூக்கியதுபோல் வேறு யார் தாடையையும் தூக்கியதில்லை. கடைசியில் அந்தத் தலை நிமிர்ந்தது. நிமிர்ந்த பிறகு அது ஒரு தனி ஆட்டமாகவே இருந்தது என்பார் உஸ்தாத்.

எழுபத்தொன்றில் சண்டை. சின்னக்கண்ணு மேற்கு எல்லைக்குப் போனார். உஸ்தாத் வழக்கம்போலப் பிளாட்பாரத்தில் நின்றார். சண்டை முடிந்த பிறகு, புதைத்த கண்ணிவெடிகளைத் தோண்டி எடுக்கும் வேலை மாசக்கணக்கில் நடந்தது. அதில் ஒருநாள் சின்னக்கண்ணுவின் வலது பாதம் போயிற்று.

அந்தச் செய்தியைக் கொண்டுவந்தவன் லீவில் வந்த ஒரு நாயக் பதவிக்காரன். உஸ்தாதுக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைத்து ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னான்: "உங்க ஆளு உஸ்தாத். வெடி பொதைச்ச எடத்துலகூட தலையை நிமித்திக்கினுதான் நடப்பான். நீங்க சொல்லிக் குடுத்தது அப்படியே இருந்துச்சு."

அந்த ஒரு வார்த்தை போதும். தரையைப் பார்த்து நடக்கவேண்டிய வேலைக்குப் போகிற பையனைத் தரையைப் பார்க்காதே என்று பழக்கிவிட்டோம், அவன் காலை நாமேதான் எடுத்தோம் என்று இவருக்கு மனசில் விழுந்துவிட்டது. சின்னக்கண்ணுவைச் சேர்த்திருந்த பூனா ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்க லீவு கேட்டார். கிடைத்தது. ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டார். அடுத்த வருஷமே பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தார். ஊரில் நிலத்தைப் பார்த்தார், முடியவில்லை. மிலிட்டரிக்காரர் என்று ஆலையில் வாட்ச்மேன் வேலை கொடுத்தார்கள். டீம் சேர்த்தார். எங்களுக்கு அவர் எல்லாம் சொல்லிக்கொடுத்தார். தலையைத் தூக்கு என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. நாங்கள் எல்லோரும் காலைப் பார்த்துக்கொண்டே ஓடி, ஒருவரை ஒருவர் முட்டிக்கொண்டு விழுவோம்.

இது ஒன்றும் அப்போது எனக்குத் தெரியாது. எண்பத்தொன்றாம் வருஷம் கரும்பு வெட்டு சீசன் முடிகிற நேரத்தில்தான் வெளியே வந்தது. மலையிலிருந்து கரும்பு வெட்ட ஆட்கள் இறங்குவார்கள். அதில் அம்மாசி என்று ஒருவர் சாயங்காலம் எங்கள் ஆட்டத்தைப் பார்க்க வந்து நிற்பார். ஒருநாள் என்னிடம் கேட்டார்: "இவரு பேரு இன்னாங்க?"

"தெய்வசிகாமணி. நாங்க உஸ்தாத்னு சொல்லுவோம்."

"தியாகதுருகத்து உஸ்தாதா? பெங்களூர்ல இருந்தவரா? எங்க ஊர்ல ஒத்தக்கால் பட்டாளத்தாரு ஒருத்தர் இருக்காரு, சின்னக்கண்ணுன்னு. கீழருந்து யாரு வந்தாலும் இவரைத்தான் கேப்பாரு. உஸ்தாத் என்னைப் பத்தி எதனா சொன்னாரான்னு கேட்டுக்கினே இருப்பாரு."

உஸ்தாத் பக்கத்தில்தான் நின்றிருந்தார். கையில் இருந்த விசிலைக் கீழே போட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்தார். ஆலைச் சுவரை ஒரு சுற்று சுற்றி வந்தார். இன்னொரு சுற்று போனார். இருட்டிய பிறகும் போய்க்கொண்டிருந்தார். நானும் பின்னாலேயே போனேன். அன்றைக்குத்தான் சின்னக்கண்ணு பேரை முதல்முறை சொன்னார், நாயக் சொன்னதைச் சொன்னார்.

"போய்ப் பாக்க வேண்டியதுதானே உஸ்தாத்? தோ, மலை கண்ணுக்கு எதிர்லயே இருக்குது."

"போயி இன்னா சொல்றது? காலை எடுத்தவன் நான்தாண்டான்னு சொல்றதா?"

அதன் பிறகு வெள்ளிக்கிழமை தோறும், அவருக்கு வார லீவு நாள், மனுஷன் காணாமல் போனார். குஞ்சம்மாள் என்னிடம் வந்து, "இந்த ஆளு எங்க போறாரு, இன்னா பண்றாரு, ஒண்ணும் தெரியலப்பா. காலையில வேட்டி மாத்திக்கினு கெளம்புறாரு, சாயங்காலம் மூஞ்சி செத்துப்போய் வர்றாரு. கொஞ்சம் பாரு" என்றார். எனக்கு அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. கரும்புப் பதிவு எழுதக் கச்சிராயபாளையம் போயிருந்தேன். மலை பஸ் நிற்கிற இடத்தில் உஸ்தாத் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். பஸ் வந்தது. படியில் காலை வைத்தார். இறங்கினார். பஸ் போயிற்று. கள்ளக்குறிச்சி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டார். டீக்கடைக்காரர் என்னிடம், "அந்தப் பெரியவரா? வாரா வாரம் வராருங்க. ஏறுவாரு, எறங்கிடுவாரு. புத்திக்கு எதனாவா?" என்று கேட்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சண்டைக்கு விடவில்லையே என்று காலமெல்லாம் புலம்பிய மனுஷன், ஒரு மலை பஸ்ஸில் ஏறப் பயப்படுகிறாரே. அடுத்த வெள்ளிக்கிழமை அவருக்கு முன்னாலேயே அங்கே போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் தயங்கினார். பஸ் வந்ததும் முதுகில் கையை வைத்துத் தள்ளி ஏற்றினேன். "உங்க டீமுல ஆடினதுக்கு இதாவது பண்ணிக்கறேன்" என்றேன். வழி முழுக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். கோமுகி அணையைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் முனகிக்கொண்டு ஏற, ஒவ்வொரு திருப்பத்திலும், "எறங்கிடலாம் ஆதிமூலம்" என்பார். நான் காது கேட்காதவன்போல இருந்தேன்.

வெள்ளிமலையில் இறங்கி விசாரித்து நடந்தோம். சரிவில் ஒரு சாமைக் கொல்லை. சின்னக்கண்ணுவும் அவர் மனைவி செல்லியம்மாளும் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் தரையில் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து களை பிடுங்கினார். பூனாவில் கொடுத்த கட்டைக்கால் ஒரு பாறைமேல் இருந்தது. ஈர மண் பட்டால் கெட்டுவிடும் என்று கழற்றி வைத்துத்தான் வேலை செய்வாராம். எங்களைப் பார்த்தார்.  அப்புறம் தவழ்ந்து போய் அந்தக் காலை எடுத்து, மண்ணைத் துடைத்து, மாட்டி, வாரை இழுத்துக் கட்டினார். "வேணாண்டா, குந்து, குந்து" என்று உஸ்தாத் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. எழுந்து நின்றார். விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

சௌக்கியமா என்று கேட்கவேண்டும். பிள்ளைகுட்டி எத்தனை என்று கேட்கவேண்டும். உஸ்தாத் கேட்டது இது: "தலையைத் தூக்கிக்கினு நடந்தியாடா?"

சின்னக்கண்ணுவுக்குப் புரியவில்லை. "எப்ப?"

"அன்னிக்கி. கால் போன அன்னிக்கி. நான் சொல்லிக் குடுத்தேன்னு தலையைத் தூக்கிக்கினு போனியா?"

சின்னக்கண்ணு சிரித்துவிட்டார். "அது வெடியெல்லாம் எடுத்து முடிச்ச எடம் உஸ்தாத். ரெண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்டி உட்ட வழி. எனக்கு முன்னாடி ஒரு கூட்டமே நடந்து போச்சு. கண்ணுக்குத் தப்பின ஒண்ணு மண்ணுக்குள்ள ஆழமா கெடந்திருக்கு. குனிஞ்சு பாத்தா மட்டும் இல்ல, படுத்துப் பாத்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது. என் நேரம், நான் மிதிச்சேன்."

 ஒன்பது வருஷம் சுமந்த மூட்டையை ஒருவன் வாங்கி, உள்ளே ஒன்றுமில்லையே என்று உதறிக் காட்டினால் எப்படி இருக்கும்? எனக்கு அப்பாடா என்று இருந்தது. வேலை முடிந்தது, மூன்று மணி பஸ்ஸில் இறங்கிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

சின்னக்கண்ணுவின் சிரிப்பு மெல்ல நின்றது. "இதுக்காவா நீங்க வரல?"

"ஆமாண்டா. எந்த மூஞ்சியை வெச்சுக்கினு..."

"நான் இன்னா நெனச்சேன் தெரியுமா?" என்றார். குரல் மாறிவிட்டது. "பூனாவுல படுத்திருந்தப்ப ஒவ்வொருத்தனுக்கும் ஆளு வந்தாங்க. எனக்கு மலையிலருந்து யாரு வருவா? உஸ்தாத் வருவாருன்னு பக்கத்துக் கட்டில்காரன்கிட்டல்லாம் சொல்லிக்கினு இருந்தேன். வரல. ஊருக்கு வந்துட்டேன். நீங்களும் ஊருக்கு வந்துட்டீங்கன்னு தெரியும். மலைக்கு மேல நானு, அடியில நீங்க. வரல. சரி, மூஞ்சி திருப்பிட்டாருன்னு புரிஞ்சுக்கினேன். காலு இல்லாதவன் பேரை எதுக்குக் கூப்புடணும்? நானாத்தான் எதனா தப்புப் பண்ணியிருப்பேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். கடைசி மேட்ச்சுல ஒரு பந்தைக் குடுக்காம நானே அடிச்சேன், அதுக்கா? எதுக்குன்னு நீங்கதான் சொல்ல மாட்டீங்களே. எப்பனா ஒருநாள் கூப்புடுவீங்கன்னு கோட்டுக்கு வெளியவே நின்னுக்கினு இருந்தேன். நீங்க இன்னாடான்னா, உங்க மனசு உறுத்துதுன்னு வூட்ல இருந்திருக்கீங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். காலைக் கழற்றிப் பாறைமேல் வைத்தார். களை எடுக்கத் தொடங்கினார். உஸ்தாத், "தப்புதாண்டா. என் தப்புதான்" என்றார். பதில் இல்லை. "சின்னக்கண்ணு" என்றார். செல்லியம்மாள் நிமிர்ந்து பார்த்தார், சின்னக்கண்ணு பார்க்கவில்லை. பஸ் நேரம் வரைக்கும் கொல்லை ஓரத்தில் நின்றோம். ஒரு வார்த்தை கிடையாது. செல்லியம்மாள்தான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. அவருக்கு மனசு ஆறணும்" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சின்னக்கண்ணு மேல் கோபமே வரவில்லை. உஸ்தாத் மேல்தான் வந்தது. தன்னைத் தானே குற்றம் சொல்லிக்கொள்வதிலும் ஒரு கர்வம் இருக்கிறது. நான்தான் காலை எடுத்தேன், நான்தான் பாவி என்று தன்னையே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தால், காலைப் பறிகொடுத்தவன் என்ன நினைப்பான் என்று கேட்க எங்கே நேரம்?

அடுத்த வெள்ளிக்கிழமையும் போனார். தள்ளி ஏற்ற ஆள் தேவைப்படவில்லை. சின்னக்கண்ணு பேசவில்லை. அதற்கடுத்த வாரமும் போனார். எதிரே போய் நின்றால் சின்னக்கண்ணு தூணைச் சுற்றிப் போவதுபோலத் தவழ்ந்து சுற்றிப் போவாராம். புகையிலை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். புகையிலை தெரிந்தது, ஆள் தெரியவில்லை. புரட்டாசி மழையில் பஸ் நின்றபோது, அணையிலிருந்து அந்த முட்டியோடு ஏறி நடந்தார். வந்து நாலு நாள் காய்ச்சலில் கிடந்தார். "இந்த வயசுல இது தேவையா?" என்று குஞ்சம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கும் ஒரு கட்டத்தில் பொறுக்கவில்லை. "அந்தாளு பேசலைன்னா போறாரு, உடுங்க உஸ்தாத்" என்றேன். "நீ பேசாம இரு" என்றார். கேட்டில் முன்னைவிட ஜாஸ்தியாக நடந்தார். கரும்பு வண்டி வந்தால் லாடம் பார்க்க மறந்துபோனார். ஆட்டத்தின் நடுவே விசிலை ஊத மறந்து மலைப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை நானும் கூடப் போனேன். காய்ச்சலில் எழுந்தவர், தனியாக விட மனசில்லை. சாமை முற்றித் தலை சாய்ந்திருந்தது. உஸ்தாத் தன் வழக்கமான இடத்தில் போய் நின்றார். நான் பாறைமேல் உட்கார்ந்தேன். சின்னக்கண்ணு அரிவாளோடு அறுத்துக்கொண்டே நகர்ந்து வந்தார். உஸ்தாத் காலடி வரைக்கும் வந்ததும் கை நின்றது. தலையைத் தூக்காமல் சொன்னார்:

"அங்க நிக்காதீங்க உஸ்தாத். சாமை மிதிபடுது."

உஸ்தாத் துள்ளி விலகினார், புதுசாகச் சேர்ந்த பையனைப்போல. விலகி நின்று முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அவ்வளவு பெரிய ஆள் தோள் குலுங்க அழுது நான் அன்றுதான் பார்த்தேன். சின்னக்கண்ணு அதைக் கண்டுகொள்ளவில்லை. காட்டுப்பன்றி வந்து மரவள்ளியைத் தோண்டிவிட்டுப் போவதைப் பற்றி, யாரிடம் என்றில்லாமல் பேச ஆரம்பித்தார். செல்லியம்மாள் களி கொண்டுவந்தார். மூன்று பேரும் சாப்பிட்டோம். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. கிளம்பும்போது, "அடுத்த வாரம் வந்தா ஒரு அரிவாள் கொண்டாங்க. சும்மா நிக்கறதுக்கு அறுக்கலாம்" என்றார்.

இறங்குகிற பஸ்ஸில் இடம் காலியாகக் கிடந்தது. உஸ்தாத் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு மனசு நிறைந்திருந்தது. "இப்பவாவது குந்துங்க உஸ்தாத். எல்லாம் தீந்துது இல்ல?" என்றேன்.

"ரெண்டு மாசம் அவன் பேசல" என்றார். "எனக்கு நெஞ்சு வெடிச்சிடும் போல இருந்துது. அவன் ஒம்போது வருசம் நின்னிருக்கான்."

வளைவில் பஸ் சாய்ந்தது. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.   அணைத் தண்ணீர் கீழே தெரிந்தபோது சொன்னார்:

"அறுபத்தஞ்சு சண்டையில தங்கதுரைன்னு ஒருத்தன். லெப்ட் ஹாஃப்ல ஆடுவான். ரயில் கெளம்பறப்ப அவனுக்கு நான் மூஞ்சி திருப்பியிருந்தேன். இன்னாத்துக்குன்னு இப்ப ஞாபகம்கூட இல்ல. ஜன்னல் வழியா கையை நீட்டினான். நான் பாக்காத மாதிரி நின்னேன். திரும்பி வந்ததும் கூப்புட்டுக்கலாம்னு இருந்தேன். அவன் வரல." திரும்பி மலையைப் பார்த்தார். "இவன் முன்னாடி போய் நிக்கறதுக்காவது ஒரு மலை இருந்துது ஆதிமூலம். அவனுக்கு நான் எங்க போய் நிக்கறது?"